தகடும் கம்பியும்

புக்கிட் செராய் தோட்டம், பகாவ்
8 பிப்ரவரி 1959

அன்புத் தம்பி அமிர்தலிங்கத்துக்கு அக்கா மயிலம்மாள் எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். பொங்கலுக்கும் உன் கடிதம் வரவில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத முடியவில்லை. மாமா இந்த ஒரு மாதத்துக்குள் மூன்று தடவை மயங்கி விழுந்துவிட்டார். போன வாரம் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிக்கொண்டு இருக்கும்போதே விழுந்து, கத்தி தோளில் கிழித்துவிட்டது. முகம் வெளுத்து, கை கால் இழுத்து, கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து உட்கார்ந்து, "என்னாச்சு?" என்று என்னையே கேட்கிறார்.

தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் டிரஸ்ஸர் நல்லசாமி கையைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்மா, எனக்கு நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு அடிக்குது. ஒங்க வீட்டுக்காரருக்கு இருபத்தெட்டுதான். இது சாதாரண மயக்கம் இல்லம்மா. சிங்கப்பூர்ல இதுக்குப் புதுசா மிஷின் வந்திருக்காம்" என்றார். நீ அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் எடுக்கிற வேலையில்தானே இருக்கிறாய்? உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்? உடனே பதில் போடு. மகள் செல்லம் ஐந்தாவது படிக்கிறாள், உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

அக்கா
மயிலம்மாள்

---

சிங்கப்பூர்
15 பிப்ரவரி 1959

மதிப்பிற்குரிய அக்காவுக்கு வணக்கம். நான் நலம். மாமாவின் உடல்நிலை அறிந்து கவலைப்படுகிறேன். செல்லத்துக்கு என் அன்பு.

டிரஸ்ஸர் கணித்தது சரியாகத்தான் இருக்கும். இதயத்தில் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். மேலே பிறக்கும் மின்சாரம் கீழே போய்ச் சேர்ந்தால்தான் ஒழுங்காகத் துடிக்கும். நடுவழி அடைபட்டால் கீழ் அறைகள் தாமாகவே மெதுவாகத் துடிக்கும். அதுவும் சில விநாடி நின்றுபோனால் மயக்கம் வரும். எங்கள் டாக்டர் ராமகிருஷ்ணன் அமெரிக்கா போய் இதையே படித்துவிட்டு வந்தவர். மாமாவை உடனே அனுப்பு.

ஒன்று சொல்ல வேண்டும். மாமா தனியாக வரட்டும். நீ வந்தால் தங்க இடம் கிடைப்பது சிரமம். கம்யூனிஸ்ட் சண்டைக்காகப் போட்ட அவசரகாலச் சட்டம் இன்னும் முடியாததால் வழியிலும் சோதனை, அடையாள அட்டை என்று தொந்தரவு இருக்கும். டிரஸ்ஸரின் கடிதத்தை வார்டில் கொடுத்தால் போதும். என்னுடைய உறவு என்று அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம். வேலை செய்கிறவன் சலுகை காட்டினான் என்று பேச்சு வந்துவிடும். மாமாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்.

அன்புள்ள தம்பி
அமிர்தலிங்கம்

---

புக்கிட் செராய் தோட்டம்
2 மார்ச் 1959

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்த மறுவாரமே மாமாவை அனுப்பிவிட்டேன். பகாவ் ஸ்டேஷனில் நல்லசாமியே ரயிலேற்றிவிட்டார். கிம்மாஸில் மாறி ஏற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். உனக்கு அதிரசம் சுட்டுத் தகரடப்பாவில் கொடுத்தேன், கிடைத்ததா?

நீ சொன்னதைச் சொன்னேன். "ஆமா, பெரிய எடத்துல வேல பாக்குறவன். அவனுக்கு ஒரு கெட்ட பேரு வரக்கூடாதுல்ல" என்றார்.

வந்து சேர்ந்தார் என்று ஒரு வரி எழுது. தெய்வம் துணை.

மயிலம்மாள்

---

சிங்கப்பூர்
12 மார்ச் 1959

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். மாமா பத்திரமாக வந்து சேர்ந்தார். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். அதிரசம் கிடைத்தது.

படம் எடுத்துப் பார்த்தோம். நான் எழுதியதுபோல வழி முழுவதும் அடைபட்டிருக்கிறது. இரண்டாம் நாள் வார்டில் மயக்கம் வந்தது. உடனே நெஞ்சில் இரண்டு உலோகத் தகடுகளை வைத்து, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்துத் துடிக்க வைத்தோம். உயிரைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு தூக்கிப் போடும், வலிக்கும். இப்போது புதிய முறை வந்திருக்கிறது. கையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பியை இதயத்துக்குள்ளேயே கொண்டுபோய்விடுகிறார்கள். கொஞ்சம் மின்சாரம் போதும், வலியே இல்லை. மாமாவுக்கு நான்காம் நாள் கம்பி வைத்தாயிற்று. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி அவருக்காகத் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறது. சோறு நன்றாகச் சாப்பிடுகிறார்.

இந்த இரண்டு முறைகளில் எதை நிறுத்தினால் இதயம் சீக்கிரம் தன் சொந்தத் துடிப்புக்குத் திரும்புகிறது என்று டாக்டர் ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்கிறார். அதில் நானும் உதவியாக இருக்கிறேன். நீ கவலைப்பட வேண்டாம்.

அமிர்தலிங்கம்

---

புக்கிட் செராய் தோட்டம்
5 ஏப்ரல் 1959

அன்புத் தம்பிக்கு, நீயும் மாமாவும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். மூன்று வாரமாக ஒரு கடிதமும் இல்லை. தோட்ட ஆபீஸில் தபால் கொடுக்கிற கிராணி என்னைப் பார்த்தாலே கையை விரித்துக் காட்டுகிறார்.

அவர் பக்கத்தில் இல்லாத இந்த நாளில் ஒரு விஷயம் மனதை அறுக்கிறது. உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் அரிசி வெளியே போகிறதா என்று தோட்டத்து கேட்டில் சோதனை கடுமையாக இருந்தபோது, ஒருநாள் கேட் மூடிய பிறகும் மாமா வரவில்லை. விடிந்து, ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்குக் கூடும் நேரத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் போலீஸ்காரர்கள் வேலிக்கு வெளியே ஓடைப் பக்கத்தில் அவர் கிடப்பதைப் பார்த்துத் தூக்கிப் போனார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போனதாகச் சந்தேகம். ஆறு நாள் லாக்கப். இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, "ஒன் புருஷன் ராத்திரி எங்க போனான்?" என்று கேட்டார். பழைய டிரஸ்ஸர் ஏற்கெனவே அவரைக் கள்ளு மயக்கம் என்று சீட்டில் எழுதி வைத்திருந்தார். நானும், "அவரு தண்ணி போடுறவரு சார். எங்கயாவது விழுந்து கெடந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டேன். விட்டுவிட்டார்கள்.

மாமா கள்ளைத் தொட்டதில்லை, உனக்கே தெரியும். அவர் வாயில் வாசம் இருந்ததே இல்லை, அது எனக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னேன். அவரைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவர் விழுந்தபோதெல்லாம் நான் சொன்ன பொய்யை நானே நம்பி, நிஜமாகவே குடித்துவிட்டு வந்ததாக நினைத்து ஏசினேன். ஒருநாள் விளக்குமாற்றால் அடித்தேன், தம்பி. இதயம் நின்று நின்று அடித்துக்கொண்டிருந்த மனுஷனை அடித்திருக்கிறேன். எங்கள் வரிசை வீட்டு லயத்துப் பிள்ளைகள் அவரைக் குடிகாரன் என்று கூப்பிடுகிறார்கள். அந்தப் பேரை வைத்தது நான்தான். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை.

அவர் அங்கே வலியில் இருக்கிறாரா? என்னைக் கேட்கிறாரா? நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். தரையில் படுத்துக்கொள்வேன். வா என்று ஒரு வார்த்தை எழுது.

மயிலம்மாள்

---

சிங்கப்பூர்
22 ஏப்ரல் 1959

அக்காவுக்கு வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. தெரியாமல் செய்ததற்கு வருந்த வேண்டாம்.

கம்பியை அதிக நாள் உள்ளே வைத்திருந்தால் காய்ச்சல் கண்டுவிடும் என்பதால் எடுத்துவிட்டோம். இதயம் தானாகவே கொஞ்சம் தேறியிருக்கிறது. இப்போது நாடி நாற்பத்திரண்டு. நாக்கின் அடியில் வைக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். 29-ம் தேதி அனுப்புகிறோம். நீ வர வேண்டாம்.

அமிர்தலிங்கம்

---

புக்கிட் செராய் தோட்டம்
10 மே 1959

என் தம்பிக்கு, நீ நூறு வயசு இருக்க வேண்டும்.

மாமா வந்துவிட்டார். முகத்தில் ரத்த ஓட்டம் தெரிகிறது. நல்லசாமி நாடி பார்த்துவிட்டு, "ஒங்க தம்பி பெரிய காரியம் செஞ்சிருக்காரும்மா" என்றார். லயம் முழுக்க நீதான் பேச்சு. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அவரை மரம் வெட்ட அனுப்பாமல் நர்சரியில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார்.

நெஞ்சில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தழும்பு, தோசைக்கல் பட்டது போல. கேட்டால் பிளாஸ்திரி ஒட்டியது என்கிறார். பிளாஸ்திரி இப்படிச் சுடுமா?

இன்னொன்று. செல்லம், "சிங்கப்பூர் மாமா எப்படிப்பா இருக்காங்க?" என்று கேட்டாள். "ஐயா நல்லா இருக்காரு" என்றார். நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். செல்லம், "எந்த ஐயா?" என்று விடாமல் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

நீ பிறந்ததிலிருந்து உன்னை மச்சான், மச்சான் என்றே கூப்பிட்டவர். ஏன் தம்பி ஐயா என்கிறார்? ஆஸ்பத்திரியில் ஏதாவது வழக்கமா?

அக்கா மயிலம்மாள்

---

புக்கிட் செராய் தோட்டம்
19 ஜூலை 1959

தம்பிக்கு, சுகமாக இருக்கிறாயா? இரண்டு மாதமாகப் பதில் இல்லை. நான் கேட்டதில் தப்பு இருந்தால் மறந்துவிடு. மாமாவுக்கு நாடி நாற்பதுக்குக் குறையவில்லை. ஒரு தடவைகூட விழவில்லை. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. அதை மட்டுமாவது எழுது.

மயிலம்மாள்

---

சிங்கப்பூர்
6 செப்டம்பர் 1959

அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நாலு தடவை எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன். நீ விளக்குமாற்றைப் பற்றி எழுதிய கடிதம் மேசையில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, வருந்த வேண்டாம் என்று உனக்குப் புத்தி சொன்னவன் நான். இதை மாமாவுக்கும் படித்துக் காட்டு.

ஆஸ்பத்திரியில் நான் தோட்டத்துப் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. என்னை மிஸ்டர் லிங்கம் என்பார்கள். சிரம்பானில் படித்தபோது ரஹாங்கில் ஆபீஸ் கணக்கு எழுதுகிற ஒரு கிராணி வீட்டில் தங்கியிருந்தேன் அல்லவா, அந்தக் கிராணியையே என் அப்பா என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போய்த் திரும்பி வராத நம் அப்பாவை ஏழு வருஷமாக நான் வாயில் எடுக்கவில்லை. சலுகை, பேச்சு என்று உனக்கு எழுதியதெல்லாம் சாக்கு. நீ வெற்றிலைப் பையும் கையுமாக வார்டுக்குள் வந்து நிற்பாயே என்று பயந்தேன்.

மாமா வந்த அன்று டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, "லிங்கம், இவர் உங்க ஊர்ப் பக்கமாச்சே, தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் இல்லை என்றேன். அதோடு நிறுத்தவில்லை. எங்கள் குடும்பத்துக்குத் தோட்டத்து ஆட்களோடு பழக்கம் கிடையாது என்றும் சொன்னேன். மாமா ஒரு முழ தூரத்தில் படுத்திருந்தார். நான் சொன்ன ஆங்கிலத்தில் எஸ்டேட் என்ற சொல் வந்தது, இல்லை என்று தலையாட்டினேன். அது போதும், புரிந்துகொண்டார். படம் எடுக்க அவர் மணிக்கட்டில் பட்டியைக் கட்டினேன். "கை சில்லுன்னு இருக்குங்க ஐயா" என்றார். அன்றிலிருந்து கடைசி நாள்வரை ஐயாதான்.

எனக்குச் சங்கடமாக இல்லை. நிம்மதியாக இருந்தது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கம்பி வைத்த பிறகு மாமாவுக்குத் தகடே தேவையில்லை. ஆனால் டாக்டரின் ஒப்பீட்டுக்கு இரண்டு முறையிலும் கணக்கு வேண்டும். நிமிஷத்துக்கு அறுபது, எழுபது, எண்பது என்று மூன்று வேகத்தில் துடிக்க வைத்து, ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தை நிறுத்தி, சொந்தத் துடிப்பு வர எத்தனை விநாடி ஆகிறது என்று அளக்க வேண்டும். அட்டவணைக்குக் கோடு போட்டவனே நான்தான். டாக்டர் கெட்டவர் இல்லை. "அவருக்குத் தமிழில் விளக்கமாகச் சொல்லுங்க. வேண்டாம்னா விட்டுடலாம். சொந்தக்காரங்க யாராவது இருந்தா அவங்களையும் கேக்கணும்" என்றார். யாரும் இல்லை என்று சொன்னேன்.

மாமாவிடம் போய், "இன்னொரு தடவ தகடு வைக்கணும்" என்றேன்.

"கம்பி நல்லாத்தானே வேல செய்யுதுங்க ஐயா?"

"டாக்டர் சொல்றாரு."

"அப்ப சரிங்க."

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. டாக்டரிடம் திரும்பி, சம்மதித்துவிட்டார் என்றேன்.

கம்பியில் மூன்று வேகமும் சுலபமாக முடிந்தது. நிறுத்தியதும் நாலு விநாடி, ஐந்து, ஆறு. லேசாகத் தலை சுற்றியது, அவ்வளவுதான். அடுத்த நாள் காலை தகடு. வாயில் துண்டைக் கடிக்கக் கொடுத்தோம். கடைசி வேகத்தில் நிமிஷத்துக்கு எண்பது தடவை அந்த உடம்பு கட்டிலிலிருந்து துள்ளியது. தோல் பொசுங்கும் வாசம் எனக்கு வந்தது. டாக்டர் கை காட்டியதும் சுவிட்சை நிறுத்தினேன். என் வேலை துடிப்பைக் கோடாக வரையும் தாளைப் பார்ப்பதும் விநாடி எண்ணுவதும். தாளில் மேல் அறைகளின் சின்னச் சின்ன அலை மட்டும் வந்துகொண்டிருந்தது, கீழ் அறைகள் பதில் சொல்லவில்லை. எட்டு. ஒன்பது. கம்பிப் பெட்டியைத் திருப்பிவிட டாக்டர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். "இன்னும் ஒரு விநாடி" என்று சொன்னது டாக்டர் இல்லை, அக்கா. நான். கட்டம் நிரம்ப வேண்டும் என்று சொன்னேன். பதினொன்றில் கை கால் இழுத்தது. பன்னிரண்டில் அவர் இதயம் தானாக ஒரு தடவை அடித்தது. நான் கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன். எழுத்து இன்றும் அழகாக இருக்கிறது.

மாமா கண் விழித்து, "முடிஞ்சிருச்சுங்களா ஐயா?" என்றார்.

கம்பிதான் சிறந்தது என்று கட்டுரை அச்சாகிவிட்டது. இனி வருகிறவர்களுக்கு வலியில்லாத முறை கிடைக்கும், அது உண்மைதான். ஆனால் அவர் என் மாமா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் காலைப்பொழுது அவருக்கு இருந்திருக்காது. கட்டுரையில் அவர் ‘தோட்டத் தொழிலாளி, வயது 41’. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லி என் பெயர். எனக்கு அவர் காட்டிய பெருந்தன்மைக்கு நான் செய்தது இது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தானே ஐயா என்று கூப்பிட்டார்!

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நீங்கள் என்பதால் எழுதினேன்.

அமிர்தலிங்கம்

---

புக்கிட் செராய் தோட்டம்
22 நவம்பர் 1959

அமிர்தலிங்கத்துக்கு,

செல்லத்துக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. மாமாவுக்கு நாடி நாற்பதிலேயே நிற்கிறது. தீபாவளிக்கு உனக்கு வாழ்த்து எழுதவில்லை, எழுதப் பிடிக்கவில்லை.

உன் கடிதத்தை முதலில் நான் தனியாகப் படித்தேன். ஒரு வாரம் அரிசி டின்னுக்குள் வைத்திருந்தேன். உன்னைத் தூக்கி வளர்த்த கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்புறம், இன்ஸ்பெக்டர் முன்னால் நின்ற மயிலம்மாள் யாரைத் திட்ட முடியும் என்று தோன்றியது. நான் பயத்தில் சொன்னேன், நீ வெட்கத்தில் சொன்னாய். அடி பட்டது ஒரே மனுஷன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்லத்தைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு அவருக்குப் படித்துக் காட்டினேன். கன்றுக்குக் கட்டுகிற நாரைத் திரித்துக்கொண்டே கேட்டார். பன்னிரண்டு விநாடி என்ற இடத்தில், "அவ்வளவு நேரமா?" என்றார். கடைசியில் நீ பெருந்தன்மை என்று எழுதியிருந்தாயே, அந்த இடம் வந்ததும் நாரைக் கீழே வைத்துவிட்டார்.

"அது தப்பு. அப்படி இல்ல" என்றார்.

"அப்ப ஏன் ஐயான்னு கூப்பிட்டீங்க?"

விரலில் ஒட்டியிருந்த நாரைத் தட்டிவிட்டார். பிறகு சொன்னார்: "யாருகிட்டயும் சொல்லாதேன்னு அவன் எழுதினப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு, மயிலு. அந்த டாக்டருகிட்ட இல்லன்னு அவன் தலையாட்டினத பாத்தேன். நான் மச்சான்னு கூப்பிட்டு, அத்தன பேரு முன்னால ‘இந்த ஆளு யாருன்னே தெரியாது’ன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான்னா? அந்த லாக்கப்புலகூட எனக்கு அப்படி ஒரு பயம் வரல. அதான் நானே முந்திக்கிட்டேன். அவனக் காப்பாத்த இல்ல. என்னயக் காப்பாத்திக்க."

அதற்குப் பிறகு சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். தழும்பை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன் போலிருக்கிறது.

இதை எழுத வேண்டாம் என்றார். நீ அவரை மகாத்மா என்று நினைத்துக்கொண்டு அழுவதைவிட உண்மை தெரிந்து இருப்பது நல்லது என்று எழுதிவிட்டேன். விளக்குமாற்றைப் பற்றி நானும் அவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். இன்ஸ்பெக்டரிடம் சொன்னதையும் சொன்னேன். "தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

வா என்றும் சொல்ல மாட்டேன், வராதே என்றும் சொல்ல மாட்டேன். வந்தால் மாமா ஸ்டேஷனுக்கு வர மாட்டார். உடம்புக்கு முடியாமல் இல்லை. உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லையாம்.

மயிலம்மாள்

---

சிங்கப்பூர்
3 டிசம்பர் 1959

அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். செல்லத்தின் உடம்பு தேறியது அறிந்து ஆறுதல்.

அவர் என் மாமா என்று நேற்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். சம்மதம் கேட்டதாகச் சொன்னது பொய் என்பதையும் சொன்னேன். பேனாவை மூடி மேசையில் வைத்தார். "அவர் பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். இனி நோயாளிகளிடம் பேசுகிற பொறுப்பு எனக்கு இல்லை என்றார். இங்கிலாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாக இருந்த பட்டியலிலும் என் பெயர் இனி இருக்காது. அது நியாயம்தான்.

லீவு பாரத்தில் காரணம் என்ற இடத்தில் ‘தோட்டத்தில் இருக்கும் அக்காவையும் அக்கா கணவரையும் பார்க்க’ என்று எழுதிக் கொடுத்தேன். தலைமைக் குமாஸ்தா சத்தமாகப் படித்தார். அறையில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். முகம் எரிந்தது. இன்னும் எரிகிறது.

அடுத்த வாரம் சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். யாரும் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். கேட்டில் என் பெயரையும் யார் வீட்டுக்குப் போகிறேன் என்பதையும் நானே சொல்லிக்கொள்கிறேன். என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று மாமா யோசிக்க வேண்டாம். ஐயா என்றே கூப்பிட்டாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி
அமிர்தலிங்கம்